கிட்னி மாற்றுப் பிரிவு: கேள்வி அதிகம், அதற்குத்தான் நாலு ஸ்டார்

அக்கா வீட்டுக்காரருக்கு நான் கிட்னி கொடுக்க இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தோம். 1994ஆம் வருஷத்து உறுப்பு மாற்றுச் சட்டத்தில் கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள்தான் நெருங்கிய உறவு. மச்சான் அதில் சேர்த்தி இல்லை. அதனால் ஃபைல், பணம் ஏதும் கைமாறுகிறதா என்று விசாரித்து அனுமதி கொடுக்கும் அங்கீகாரக் குழுவுக்குப் போனது.

வருமானச் சான்று, பேங்க் பாஸ்புக், ரேஷன் கார்டு, அத்தானோடு எடுத்த பழைய போட்டோ வரை கேட்டார்கள். என் வீட்டம்மாவைத் தனியாக உட்காரவைத்து விசாரித்தார்கள். "பணம் ஏதும் வாங்குறீங்களா?" என்று நேரடியாகவே கேட்டது சுருக்கென்றுதான் இருந்தது.

ஆனால் நான் பள்ளிபாளையத்துக்காரன். எங்கள் பக்கத்து விசைத்தறித் தொழிலாளர்கள் கடனுக்காகக் கிட்னி விற்ற விவகாரம் 2025இல் வெளியே வந்தது. விருப்பப்பட்டுத்தானே விற்கிறான் என்பார்கள் சிலர். வட்டிக்காரன் வாசலில் நிற்கும்போது அது என்ன விருப்பம்? புரோக்கர் ஜோடிக்கும் 'சொந்தக்கார' பேப்பர்களைப் பிடிக்க இந்தக் குடைச்சல் வேண்டும்.

குறை: என்னென்ன பேப்பர் என்று ஒரே தடவையில் சொல்வதில்லை, நோட்டரியிடம் அலைந்தே ஓய்ந்தேன். கொடுத்தவர் பின்னாளில் செக்கப்புக்கு வந்தால் தனி வரிசையும் கிடையாது. கேன்டீன் சாம்பார் சுமார்.