ஒட்டிக்கொண்ட காலிப்பர்: பிரித்துச் சரிசெய்வதா, கழற்றிப் போட்டுப் புதுசு மாட்டுவதா?

நான் முதன்முதலாகப் புதுக் காலிப்பர் (டிஸ்க் பிரேக்கில், சக்கரத்தோடு சுழலும் டிஸ்கைப் பேட்களால் இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பாகம்) வாங்கி மாட்டியது சுத்த வீண். பழைய காரின் முன் சக்கரம் ஒன்று பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தது. கொஞ்ச தூரம் ஓட்டி இறங்கினால் அந்தப் பக்கம் மட்டும் அனல் அடிக்கும், கருகிய வாடை வரும், ஸ்டீயரிங்கும் அந்தப் பக்கமே இழுக்கும். காலிப்பர் ஜாம் என்று நானே முடிவு கட்டி, புதுசு மாட்டி, பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை எடுத்து, கையைக் கழுவிவிட்டு ஓட்டிப் பார்த்தால் அதே சக்கரம், அதே சூடு. கடைசியில் பார்த்தால் கோளாறு காலிப்பருக்குப் போகும் ரப்பர் ஹோஸில். வெளியே நன்றாகத்தான் இருந்தது, உள்சுவர் ஊதி வழியை அடைத்திருந்தது. பெடலை மிதிக்கும்போது அழுத்தம் பலமாக இருப்பதால் பிரேக் ஆயில் அந்த இடுக்கிலும் புகுந்து போய்விடும். காலை எடுத்த பிறகு அதைத் திருப்பி அனுப்ப அவ்வளவு பலம் எங்கிருந்து வரும்?

ஆகவே ரிப்பேரா புதுசா என்ற கேள்விக்கு முன்னால் பத்து நிமிட வேலை ஒன்று இருக்கிறது. சமதளத்தில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்டும் வைத்துவிட்டு, பெடலை நன்றாக மிதித்து விடுங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்ற மறுத்தால் காலிப்பரில் காற்று எடுக்கும் நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஆயில் பீய்ச்சி அடித்து, சக்கரமும் விட்டுவிட்டால் அழுத்தம் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள்: ஹோஸ், அல்லது அதற்கும் மேலே, பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டர். நிப்பிளைத் திறந்த பிறகும் இறுக்கமாகவே இருந்தால்தான் காலிப்பர் மேல் பழி. பின் சக்கரம் என்றால் ஹேண்ட்பிரேக் கேபிள் துருப்பிடித்து இழுத்தபடியே நிற்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

சரி, காலிப்பர்தான் என்று உறுதியாகிவிட்டது. அப்போதும் உடனே கடைக்கு ஓட வேண்டாம். ஒரு பிஸ்டன் மட்டும் உள்ள சாதாரணக் காலிப்பர் இரண்டு ஸ்லைடு பின்கள் மேல் முன்னும் பின்னும் நகர வேண்டும். அந்தப் பின்னின் ரப்பர் உறை கிழிந்து தண்ணீர் புகுந்தால் கிரீஸ் காய்ந்து பழுப்பு மெழுகாகிவிடும், அப்புறம் அது நகராது. உள்பக்க பேட் தகடாகத் தேய்ந்து வெளிப்பக்க பேட் தடிமனாகவே இருந்தாலோ, ஒரே பேட் ஒரு முனையில் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருந்தாலோ என் முதல் சந்தேகம் ஸ்லைடு பின் மேல்தான். பின்னை உருவி, துடைத்து, புது உறை போட்டு, சிலிக்கான் பிரேக் கிரீஸ் தடவினால் வேலை முடிந்தது. சாதாரண பேரிங் கிரீஸ் மட்டும் வேண்டாம், அதில் இருக்கும் பெட்ரோலிய எண்ணெய் பிரேக் ரப்பரை ஊத வைக்கும், இரண்டு மாதத்தில் மறுபடி அதே ஜாம். மேல் பின்னும் கீழ்ப் பின்னும் சில வண்டிகளில் ஒன்றுபோல் இருக்காது, எது எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பேட்டின் காதுகள் உட்காரும் இடத்தில் துரு ஏறி பேட் நகராமல் நிற்பதும் உண்டு. அதற்குக் கம்பி பிரஷ் போதும்.

பின்கள் சுகமாக ஓடுகின்றன, ஆனால் பிஸ்டன் உள்ளே போக மாட்டேன் என்கிறது என்றால்தான் உண்மையான போட்டி தொடங்குகிறது. இங்கே பிஸ்டன் எப்படித் திரும்பி வருகிறது என்று தெரிந்துகொண்டால் முடிவெடுப்பது சுலபம். டிரம் பிரேக்கில் உள்ளதுபோல் இழுக்கும் ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பிஸ்டன் ஓடும் உருளையின் உள்சுவரில் ஒரு காடி, அதில் சதுர வெட்டு ரப்பர் வளையம் ஒன்று. பிஸ்டன் வெளியே வரும்போது அந்த ரப்பர் அதைக் கவ்வியபடியே லேசாக முறுக்கிக்கொள்கிறது. அழுத்தம் போனதும் முறுக்கு அவிழ்ந்து பிஸ்டனை ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு மட்டும் பின்னுக்கு இழுக்கிறது. பேட் டிஸ்கை விடுவது அந்த மயிரிழையால்தான். ரப்பர் கல்லாகிவிட்டாலோ, காடிக்குள் துரு சேர்ந்து ரப்பரைப் பிஸ்டன் மேல் நெருக்கினாலோ, பிஸ்டன் மேலேயே துரு இருந்தாலோ ஆட்டம் முடிந்தது.

ரிப்பேர் கிட் என்று வருவது பெரும்பாலும் அந்த வளையமும், பிஸ்டன் பக்கம் தூசி புகாமல் மூடும் டஸ்ட் கவரும்தான். விலை புதுக் காலிப்பருக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் பிஸ்டன் பல கிட்களில் இருக்காது, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கிட் வாங்கலாமா என்பதை அந்தப் பிஸ்டன்தான் சொல்லும். ஹோஸைக் கழற்றுவதற்கு முன்பே, பேட்டை எடுத்துவிட்டு ஒரு மரக்கட்டையை எதிரே வைத்து, பெடலை மெதுவாக மிதித்துப் பிஸ்டனை வெளியே கொண்டுவந்துவிடுங்கள். கம்ப்ரசர் காற்றடித்து எடுப்பவர்கள் உண்டு, ஆனால் பிஸ்டன் குண்டு மாதிரி பாயும், நடுவில் விரல் இருந்தால் அவ்வளவுதான். எடுத்த பிஸ்டனைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். டஸ்ட் கவர் கிழிந்த இடத்துக்கு நேராகக் குரோம் பூச்சில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் தெரியும். நகத்தால் வருடுங்கள். கறை என்றால் நகம் வழுக்கிக்கொண்டு போகும், குழி என்றால் தட்டும். தட்டினால் அந்தப் பிஸ்டன் வேண்டாம். எமரி போட்டு மினுக்கிவிடலாம் என்று தோன்றும், நானும் செய்தேன், பூச்சு போய்விட்டது, அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் முன்பைவிட மோசமாகத் துருப்பிடித்தது.

உருளையின் உள்சுவரில் குழி இருப்பதைப் பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம், இது பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம். டிஸ்க் காலிப்பரில் ஆயில் கசியாமல் காக்கும் ரப்பர் சுவரில் உட்கார்ந்து பிஸ்டன் மேல் உரசுகிறது, எனவே வழவழப்பாக இருக்க வேண்டியது பிஸ்டன். டிரம் பிரேக்கின் வீல் சிலிண்டரில் இது தலைகீழ். காலிப்பரில் சுத்தமாக இருக்க வேண்டியது அந்தக் காடி. மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் முனையாலோ சுரண்டி எடுங்கள், ஸ்க்ரூடிரைவர் கீறிவிடும். புது வளையத்தைப் புது பிரேக் ஆயிலில் நனைத்துப் போட்டு, பிஸ்டனை நேராக வைத்துக் கையால் அழுத்தினால் சற்றுத் தயங்கி வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். சுத்தியல் தேவைப்பட்டால் எங்கோ கோணலாகிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், இந்த வேலையில் நேரத்தைத் தின்பது டஸ்ட் கவரின் உதட்டைக் காடியில் உட்கார வைப்பதுதான், என் முதல் காலிப்பரில் அதற்கு மட்டும் ஒரு மணி நேரம் போனது.

புதுக் காலிப்பரின் பெரிய லாபம் நேரம். பிஸ்டன், ரப்பர், நிப்பிள் எல்லாம் புதுசு, ஒரு மதியத்தில் முடியும். பழைய காலிப்பரில் நிப்பிள் துருப்பிடித்து ஸ்பேனர் வைத்ததும் முறிந்துவிட்டது என்றால் நான் அதற்கு மேல் மல்லுக்கட்ட மாட்டேன், புதுசுதான். ஹேண்ட்பிரேக் உள்ளேயே இணைந்த பின்பக்கக் காலிப்பருக்கும் அதே பதில். அதற்குள் திருகாணியும் தானாகச் சரிசெய்துகொள்ளும் அமைப்பும் இருக்கின்றன, வெறும் ரப்பர் மாற்றினால் அது தேறாது. (அந்த வகையில் பல பிஸ்டன்களைச் சும்மா அழுத்தி உள்ளே தள்ள முடியாது, சுழற்றித்தான் இறக்க வேண்டும், தெரியாமல் கிளாம்ப் போட்டு நெருக்கிக் கெடுத்தவர்கள் ஏராளம்.)

புதுப்பித்த காலிப்பர் என்று பழசைக் கொடுத்துவிட்டு வாங்குவது நடுவழி. நன்றாகச் செய்தவர்களிடம் வாங்கினால் நல்ல பேரம். ஆனால் உள்ளே போட்டது புதுப் பிஸ்டனா, பழசைத் தேய்த்ததா என்று கேளுங்கள், நிப்பிள் திறக்கிறதா, பின் நகர்கிறதா என்று வாங்குமுன் கையால் பாருங்கள். வெளியே பளபளவென்று பெயின்ட் அடித்திருப்பதற்கு மதிப்பே இல்லை. உதிரிபாகம் கிடைக்காத அரிய வண்டி என்றால் நான் என் பழைய காலிப்பரை யாருக்கும் கொடுக்க மாட்டேன், அதற்குக் கிட்தான் போடுவேன். உடைத்த வண்டிகளிலிருந்து எடுத்த காலிப்பர், வெறும் கூடு மட்டும் வேண்டும் என்பவர்களுக்குத்தான், அப்படியே மாட்ட அல்ல.

எந்த வழி போனாலும் பேட்கள் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும், சூட்டில் நீலம் பாய்ந்த டிஸ்கை நம்பக் கூடாது. புதுக் காலிப்பர் ஒரு பக்கம் மட்டும் மாட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, மறுபக்கம் சுகமாக ஓடினால் போதும். கிட் போட்டால் இரண்டு பக்கமும் போடுவேன், மறுபக்க ரப்பருக்கும் இதே வயதுதானே. ஹோஸும் அந்த வயதென்றால் கூடவே போகட்டும். ஆயிலைப் புதுசாக ஊற்றுங்கள். ஈரம் ஏறிய ஆயில்தான் பிஸ்டனுக்கு உள்ளிருந்து துரு கொடுக்கிறது. கொதிநிலையும் இறங்கிவிடுகிறது, டாட் 4 என்ற தர பிரேக் ஆயிலுக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்ச அளவு புதிதில் 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய நிலையில் 155. பிரேக் வேலையே செய்து பழக்கமில்லை என்றால் முதல் தடவை தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

இன்னொன்று. இடது வலது மாறிப்போனாலும் சில காலிப்பர்கள் ஒழுங்காக மாட்டிக்கொள்ளும். நிப்பிள் மேலே இருக்க வேண்டும், கீழே போய்விட்டால் எத்தனை முறை காற்று எடுத்தாலும் காற்று மேலேயே நிற்கும், பெடல் பஞ்சு மாதிரி இறங்கும். நான் ஒரு பாட்டில் ஆயிலைக் காலி செய்த பிறகுதான் நிப்பிள் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குனிந்து பார்த்தேன்.