மெமோவா, மெயிலா, வாட்ஸ்அப்பா: ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தின் அனுபவம்

2025 ஜனவரியில் எங்கள் அலுவலகத்தில் ஒரு முடிவு எடுத்தோம். உத்தரவு, அறிவிப்பு, விளக்கம் கேட்பது எதுவானாலும் முதலில் மெயிலாக எழுத வேண்டும். காகிதம் தேவைப்பட்டால் அந்த மெயிலையே அச்செடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும். வாட்ஸ்அப்பில் "மெயில் வந்திருக்கிறது, பாருங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கோத்தகிரி பக்கத்தில், சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூள் தயாரிக்கும் தொழிற்சாலை எங்களுடையது. அலுவலகத்தில் நாங்கள் ஆறு பேர். அது போக எடை போடும் இடத்தில் ஒரு சூப்பர்வைசர், உள்ளே தூள் தயாரிப்பைப் பார்த்துக்கொள்ளும் டீ மேக்கர், வெளியே ஊர் ஊராக இலை பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட்டுகள். காகித மெமோ, மெயில், வாட்ஸ்அப் மூன்றிலும் நான் வருடக்கணக்கில் எழுதியிருக்கிறேன். எங்களைப் போன்ற சிறிய அலுவலகத்துக்கு எது நல்லது என்று யாராவது கேட்டால் மெயில் என்றுதான் சொல்வேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். வேகம் என்றால் வாட்ஸ்அப். மெமோவைக் கையில் கொடுத்தால் வாங்குகிறவர் நிமிர்ந்து உட்காருவார், அந்த மரியாதை மற்ற இரண்டுக்கும் கிடையாது. செலவு மூன்றிலும் பெரிதாக இல்லை. ஜிமெயிலில் 15 ஜிபி இலவசம், ஒரு மெயிலோடு 25 எம்பி வரை கோப்பு இணைக்கலாம். எங்கள் அளவுக்கு இது தாராளம்.

என் மனதை மாற்றியது 2024 அக்டோபரில் நடந்த ஒரு விஷயம். எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன், ஜூலையில் கொட்டித் தீர்த்துவிடும். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் அக்டோபர், நவம்பரில்தான் பயம். நனைந்த இலை வந்தால் எடையில் ஒரு பங்கு தண்ணீர்தான், அதனால் ஈரத்துக்கென்று ஒரு சதவீதம் கழிப்போம். அந்த மாதம் மழை வலுத்ததும் மேனேஜர் சார் அதை 4 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக்கினார். 16ஆம் தேதி சாயங்காலம் சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டார்: "நாளைல இருந்து தண்ணி கழிவு 8 போடுங்க, எல்லாருக்கும் சொல்லிடுங்க."

மறுநாள் காலையில் இருந்து சூப்பர்வைசர் 8 போட்டார். ஆனால் அந்தச் செய்தியை ஏஜென்ட்டுக்கு அவர் தள்ளிவிட்டது 18ஆம் தேதி ராத்திரி. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை ஃபார்வர்ட் செய்தால் எழுதிய நேரம் அதோடு போகாது, அனுப்பிய நேரம்தான் விழும். அதனால் ஏஜென்ட்டின் போனில் "நாளை" என்றால் 19. விவசாயிகளுக்கு அவர் சொன்னதும் 19தான்.

நவம்பர் கடைசியில், மாதக் கணக்குச் சீட்டோடு ஒரு பெரியவர் வந்தார். பல வருடமாக எங்களுக்கே இலை கொடுப்பவர். 17, 18 இரண்டு நாளும் சேர்த்து 310 கிலோ கொடுத்திருந்தார்.

"இந்த ரெண்டு நாளுக்கு எட்டு எதுக்கும்மா பிடிச்சீங்க?"

"பதினாறாம் தேதியே சொல்லிட்டோமே அண்ணா."

"எங்க சொன்னீங்க, காட்டுங்க."

என்னால் காட்ட முடியவில்லை. சூப்பர்வைசர் தீபாவளியோடு வேலையை விட்டுப் போய்விட்டார். மேனேஜர் சார் புது போன் மாற்றியிருந்தார், பழைய போனில் பேக்கப் போட்டு வைக்கவில்லை. எங்கள் தரப்பில் மிச்சம் இருந்த ஒரே சாட்சி ஏஜென்ட்டின் போன், அதில் 18 என்று இருந்தது. வித்தியாசம் சுமார் 12 கிலோ இலை, பணமாகப் பார்த்தால் முந்நூறு ரூபாய்க்குள். கொடுத்து அனுப்பினோம். போகும்போது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "எடை குறையலாம்மா, மழை யார் கையில இருக்கு. சொல்லாம குறைக்கக் கூடாது."

அன்றைக்குத்தான் புரிந்தது, இந்த மூன்றையும் எடை போட வேகமும் அழகும் உதவாது என்று. ஆறு மாதம் கழித்து ஒருவர் வந்து கேட்டால் எடுத்துக் காட்ட முடியுமா? எனக்கு இந்த ஒரு கேள்வி போதும்.

வாட்ஸ்அப் இதில்தான் விழுகிறது. அங்கே போடும் செய்தி அலுவலகத்தின் சொத்தாக இருப்பதில்லை, ஆளுக்கு ஆள் போனில் கிடக்கிறது. ஆள் போனால் அதுவும் போகிறது. போட்டவர் நினைத்தால் இரண்டரை நாள் வரை எல்லோர் போனிலிருந்தும் அழித்துவிடலாம். அந்த டிசம்பரில் வேலைக்குச் சேர்ந்த கணக்காளரை எங்கள் குழுவில் சேர்த்தோம், அவர் வருவதற்கு முன் போட்ட எதுவும் அவருக்குத் தெரியவில்லை. காலை வணக்கத்துக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் நடுவே உத்தரவைத் தேடுவது தனிப் பாடு.

மெயிலில் முதல் வேலையாக ஆள் பெயரில் இருந்த முகவரிகளை விட்டோம். இலைப் பிரிவுக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, மேனேஜர் இருக்கைக்கு ஒன்று என்று பொறுப்பின் பெயரில் திறந்தோம். ஆள் மாறினால் கடவுச்சொல்லை மாற்றிவிட்டுப் புதியவரிடம் கொடுக்கிறோம். ஒரு மெயிலைத் தள்ளிவிட்டாலும் முதலில் எழுதிய தேதி உள்ளேயே நிற்கும். 2024 சங்கடம் இங்கே வராது.

ஆனால் மெயில் இருந்தால் மட்டும் போதாது, தேடினால் கிடைக்கும்படி எழுத வேண்டும். இதில் தமிழில் எழுதுகிறவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜிமெயில் தேடல் முழுச் சொல்லைத்தான் பார்க்கிறது. எங்கள் கணக்கில் சோதித்துப் பார்த்தேன். "கழிவு" என்று தேடினால் "கழிவு" என்று தனியாக நிற்கும் இடம் வருகிறது. "கழிவை", "கழிவுக்கு", "கழிவில்" என்று எழுதிய மெயில்கள் வரவில்லை. இன்னொன்று, "இலைக் கழிவு" என்று இலக்கணப்படி ஒற்றுப் போட்டு எழுதினால் "இலை" என்று தேடும்போது அது கிடைக்காது, க் ஒட்டிக்கொண்டு வேறு சொல்லாகிவிடுகிறது. வேற்றுமை உருபும் சந்தியும் நம் மொழியின் இயல்பு, விட முடியாது. என்ன செய்வது என்று யோசித்தபோது நினைவுக்கு வந்தது பழைய அரசுக் கடிதம்.

கல்யாணத்துக்கு முன் ஊட்டியில் ஓர் அரசு அலுவலகத்தில் இரண்டு வருடம் தற்காலிகத் தட்டச்சராக இருந்தேன். கடிதத்தில் முதலில் ந.க. எண் (கோப்பு எண்), நாள், பிறகு பொருள், பிறகு பார்வை (இதற்கு முன் வந்த கடிதம்). இந்த வரிசையில் ஒன்று விட்டுப் போனாலும் கண்காணிப்பாளர் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். பொருள் வரியில் வாக்கியம் இருக்காது. பெரிய வகையில் தொடங்கி, இடம், விஷயம் என்று ஒவ்வொரு சொல்லாக நடுவில் கோடு போட்டு இறங்கிக்கொண்டே போய், கடைசியில் "தொடர்பாக" என்று முடியும். அப்போது அது எனக்கு வெறும் சம்பிரதாயமாகத் தெரிந்தது. இன்றைக்குப் பார்த்தால், கோடு போட்டுப் பிரித்த அந்தச் சொற்கள் உருபும் சந்தியும் ஒட்டாமல் தனித்தனியாக நிற்கின்றன. மெயில் தேடலுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு தலைப்பு அமையாது.

2025 அக்டோபரில் நாங்கள் அனுப்பிய மெயில் இது:

பொருள்: இலை – ஈரம் – கழிவு – 8 சதவீதம் – 15.10.2025 முதல் – தொடர்பாக.

பார்வை: இலைப் பிரிவுக்கு 03.06.2025 அன்று அனுப்பிய மெயில் (4 சதவீதம்).

15.10.2025 புதன்கிழமை காலையில் போடும் முதல் எடையிலிருந்து, நனைந்து வரும் இலைக்கு 8 சதவீதம் கழிக்கவும். காய்ந்த இலைக்குக் கழிவு இல்லை. நனைந்ததா இல்லையா என்பதை எடைச் சீட்டிலேயே எழுதி, இலை கொடுப்பவரிடம் காட்டவும். அடுத்த மெயில் வரும் வரை இது நடப்பில் இருக்கும்.

நகல்: கணக்குப் பிரிவு, ஏஜென்ட்டுகள்.

இதில் "நாளை", "அடுத்த வாரம்" போன்ற சொற்களே இல்லை என்பதைக் கவனியுங்கள். தேதியும் கிழமையும் சேர்த்துப் போட்டால், ஒன்றில் தவறினாலும் மற்றது காட்டிக்கொடுத்துவிடும். முடிவு முதல் வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. பார்வை வரி இருப்பதால், 8 கிடைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு 4 எப்போது சொன்னோம் என்பதற்கும் போய்விடலாம். ஒரு மெயிலுக்கு ஒரு விஷயம் என்பதிலும் கண்டிப்பாக இருக்கிறோம். கழிவோடு சேர்த்து வண்டி டீசல் விஷயத்தையும் எழுதினால், இரண்டில் ஒன்று தலைப்பில் வராமல் தொலைந்துவிடும்.

மொழி பற்றியும் சொல்ல வேண்டும். உள்ளுக்குள் போகும் மெயில் எல்லாம் தமிழ். குன்னூர் தேயிலை ஏலத்துக்குப் போகும் சரக்கு விவரம், தரகர் அலுவலகத்தோடு கடிதம், இவை ஆங்கிலம்; அங்கே வழக்கம் அப்படி. முன்பு உள்ளேயும் "வித் ரெஃபரன்ஸ் டு த அபவ்", "கைண்ட்லி டூ த நீட்ஃபுல்" (தேவையானதைச் செய்யவும்) என்று எழுதிக்கொண்டிருந்தோம். எதைச் செய்ய வேண்டும் என்பது அந்த "நீட்ஃபுல்" என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொள்ளும். தமிழில் எழுதும்போது "கழிக்கவும்", "காட்டவும்" என்று வினையைச் சொல்லியே ஆக வேண்டியிருக்கிறது. படிப்பவருக்கும் அகராதி வேண்டாம். எங்களுக்கு இலை கொடுப்பவர்களில் பாதிப் பேர் வீட்டில் படுக மொழி பேசுகிறவர்கள், அவர்களும் எழுத்து என்று வந்தால் தமிழில்தான் படிக்கிறார்கள்.

எழுத்துரு ஒரு தொல்லை. எங்கள் பழைய கணினியில் இருந்த கடிதங்கள் எல்லாம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தவை. அவற்றை மெயிலில் ஒட்டினால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தாக விழும். எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். 1999இலேயே தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையைத் தரப்படுத்திவிட்டது, ஆனால் தட்டச்சுப் பொறியில் பழகிய என் விரல் அதற்குப் பழக ஒரு மாதம் பிடித்தது. சின்னப் பிள்ளைகள் போனில் வாயால் சொல்லியே தமிழ் மெயில் எழுதிவிடுகிறார்கள், நன்றாகவே வருகிறது. அனுப்பும் முன் ஒரு தடவை வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

காகித மெமோவை நான் ஒதுக்கவில்லை. ஒருவர் மேல் குற்றச்சாட்டு மெமோ கொடுக்க வேண்டுமென்றால் காகிதம்தான், கையில் கொடுத்துப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்க வேண்டும். வாங்க மறுத்தால் தபால். பதிவுத் தபால் 2025இல் ஸ்பீட் போஸ்டோடு இணைந்துவிட்டது, எனவே அனுப்பும்போதே சேர்ப்புச் சான்றும் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். ஒருவருடைய வேலை சம்பந்தப்பட்ட கடிதம் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும், போனில் ஒரு சத்தமாக முடிந்துவிடக் கூடாது.

ஆனால் தினப்படி உத்தரவுக்கு இந்த மலையில் காகிதம் தாங்காது. நவம்பர் பனிமூட்டத்தில் ஒட்டுப் பலகையில் குத்திய தாள் மூன்றாம் நாளே தொய்ந்து தொங்கும். இங்க்ஜெட் மை கலங்கிவிடும். கண்ணாடிக் கதவு வைத்த பலகை ஒன்றைச் செய்து வைத்த பிறகுதான் சரியானது. அலமாரியிலும் அதே கதைதான். 2015க்கு முந்தைய கோப்புகளில் பூஞ்சை பிடித்துத் தாளோடு தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வருடத்துக்கு இரண்டு தடவை வெயில் பார்த்து எடுத்துக் காயவைக்க வேண்டும்.

மெயிலுக்கும் குறை உண்டு. மரம் விழுந்து கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் படுத்துவிடுகிறது. அப்போது மெயில் அனுப்புப் பெட்டியிலேயே காத்திருக்கும், போய்விட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். அவசரம் என்றால் ஆளை அனுப்ப வேண்டியதுதான். கோர்ட் வரை போன வழக்கு எங்களுக்கு இல்லை, அதனால் அந்த அனுபவத்தைச் சொல்ல முடியாது. 2000ஆம் வருடத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணுப் பதிவை ஏற்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுப்படி அதற்கு ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். இது மெயில், வாட்ஸ்அப் இரண்டுக்கும் பொதுதான். ஆனால் சான்றிதழ் கொடுக்கவாவது பொருள் கையில் இருக்க வேண்டுமே. ஐந்நூறு பேர் வேலை செய்யும் பெரிய எஸ்டேட் அலுவலகங்களில் தனி மென்பொருளே வைத்திருக்கிறார்கள் என்று கேள்வி, நான் அதில் வேலை செய்ததில்லை.

இன்னும் தீராதது ஏஜென்ட்டுகள் விஷயம். இரண்டு பேர் மெயிலைத் திறப்பதே இல்லை, எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தாலும் "நீங்க போன்ல சொல்லுங்கம்மா" என்கிறார்கள். அவர்களுக்கு மட்டும் மெயிலை இரண்டு பிரதி அச்செடுத்து இலை வண்டி டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறோம். ஒன்றை அவர்கள் வைத்துக்கொள்கிறார்கள், இன்னொன்றில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கி டிரைவர் சாயங்காலம் திருப்பிக் கொண்டுவருகிறார். அதைப் படம் எடுத்து, அதே மெயிலுக்குப் பதிலாக இணைத்து வைத்துவிடுகிறேன்.