நோட்டீஸ் மாதச் சம்பளமும் அரசடிப் பக்கத்துக் கடிதக் கடையும்

மட்டக்களப்பு டவுனில் போட்டோகொப்பி அடிக்கக் கடைக்குப் பஞ்சமில்லை. வேலைத்தலத்தோடு பிரச்சினை என்று வந்தால் ஒரு கடிதத்தை ஒழுங்காக எழுதித் தருகிற இடம் எனக்குத் தெரிந்து அரசடிப் பக்கம் இருக்கிற இந்தச் சின்னக் கொம்யூனிகேசன்தான். பெயர்ப்பலகை கிடையாது, அதனால் நானும் பெயர் போடவில்லை. உள்ளே ஒரு பழைய கம்பியூட்டர், ஒரு பிரிண்டர், பென்சன் எடுத்த எழுதுவினைஞர் ஐயா ஒருவர். 5க்கு 4 கொடுக்கிறேன். குறைத்த ஒன்றுக்குக் காரணம் பிறகு வரும்.

நான் போன விஷயம் இதுதான். ஒரு தளபாட ஷோரூமில் அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு வேலை கிடைத்ததும், நியமனக் கடிதத்தில் இருக்கிறபடி ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து, கடைசி நாள் 30ஆம் திகதி என்றும் எழுதிக் கொடுத்தேன். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. மாதம் பாதிகூடப் போகவில்லை, மனேஜர் போன் எடுத்து "நாளைக்கு வரவேணாம், இண்டைக்கு மட்டும் உள்ள சம்பளத்தப் போட்டுவிடுறம்" என்றார். அதோடு "சொந்த விருப்பத்தில் உடனடியாக விலகுகிறேன்" என்று அவர்களே டைப் பண்ணிய ஒரு தாளையும் அனுப்பி, அதில் சைன் வைத்தால்தான் காசு என்றார்கள். நான் வைக்கவில்லை. நீங்களும் வைக்காதீர்கள், ஏனென்றால் அந்த ஒரு சைனோடு மிச்ச நாட்களின் சம்பளத்தை நீங்களே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

ஐயாவிடம் போனால் கதையை உடனே கேட்கமாட்டார். "நியமனக் கடிதம் கொண்டு வந்தீங்களா மகள்?" என்பதுதான் முதல் கேள்வி. இல்லையென்றால் எடுத்துக்கொண்டு வரச் சொல்லி அனுப்பிவிடுவார். என்னுடையதை வாங்கி, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்து, நோட்டீஸ் பற்றிய வரியின் கீழ் பென்சிலால் மெல்லிசாக ஒரு கோடு போட்டார். இரு தரப்பில் யார் நிறுத்துவதானாலும் ஒரு மாத முன்னறிவித்தல், அல்லது அதற்குப் பதிலாக ஒரு மாதச் சம்பளம், என்று இருந்தது. நம்மூரில் அநேகமான நியமனக் கடிதங்களில் இப்படி ஒரு வரி இருக்கும், வேலைக்குச் சேருகிற அன்று யாரும் வாசிப்பதில்லை. தனியார் துறையில் எல்லாருக்கும் பொதுவாக இத்தனை நாள் நோட்டீஸ் என்று ஒரு கணக்கு இல்லை, பெரும்பாலும் அந்தக் கடிதம்தான் பேசும்.

அவர் விளக்கியது சுருக்கமாக இவ்வளவுதான். நீங்கள் றிசைன் பண்ணிவிட்டீர்கள் என்பதால் அன்றைக்கே வேலை முடிந்துவிடவில்லை. கடைசி நாள் என்று எழுதிய திகதி வரைக்கும் ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறது. இடையில் வரவேண்டாம் என்று முதலாளி சொல்லலாம், ஆனால் வேலை செய்யத் தயாராக இருந்தவரை அவர்தான் நிறுத்தியிருக்கிறார், ஆகவே அந்தத் திகதி வரையான சம்பளத்தை அவர்தான் கொடுக்கவேண்டும். பாரிய ஒழுக்கக்கேடு, களவு மாதிரி ஏதாவது சொல்லி நிறுத்தினால் அது வேறு கதை. அப்படியென்றால் அதை எழுத்தில் தரவேண்டும். வேலைநீக்கம் பற்றிய 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருகிற இடமாக இருந்தால் (15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்), ஒழுக்காற்றுக் காரணத்தை நிறுத்திய பிறகு வருகிற இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் எழுத்தில் அறிவிக்கவேண்டும். எனக்கு வந்தது ஒரு போன் கோல் மட்டும். எந்தக் காரணத்துக்காக நிறுத்தினாலும் அதுவரை செய்த வேலைக்கான சம்பளத்தில் யாரும் கைவைக்க ஏலாது, அதையும் சேர்த்துச் சொன்னார்.

கடிதம் எழுதுவதற்கு முன் அவர் செய்யச் சொன்ன ஒரு காரியத்துக்காகவே நான் இந்த விமர்சனத்தை எழுதுகிறேன். கடைக்குள் இருந்தபடியே மனேஜருக்கு ஒரு வட்ஸ்அப் போடச் சொன்னார். "இன்று நீங்கள் தொலைபேசியில் நாளை முதல் வரவேண்டாம் என்று கூறினீர்கள். 30ஆம் திகதி வரை வேலை செய்ய நான் தயாராக இருக்கிறேன்." அவ்வளவுதான் வாசகம். ஏன் என்று கேட்டேன். "இது போடாட்டி, நீங்கதான் சொல்லாமக் கொள்ளாம நிண்ட எண்டு நாளைக்குக் கதைய மாத்துவாங்க" என்றார். உண்மைதான், வேலையைக் கைவிட்டுப் போய்விட்டார் என்று எழுதிவிட்டால் பிறகு நாம்தான் இல்லை என்று நிரூபித்துக்கொண்டு திரியவேண்டும். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து அங்கேயே பிரிண்ட் பண்ணிக் கடிதத்தோடு இணைத்தார்.

அப்புறம் கடிதம். நான் வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு போனது இரண்டு பக்கம், மனேஜரின் குணநலன்கள் உட்பட. "இதெல்லாம் வேணாம் மகள். எப்ப குடுத்த, எப்ப வரவேணாம் எண்டு சொன்ன, எவ்வளவு வரணும். அது போதும்" என்று முக்கால் பக்கத்தில் முடித்துவிட்டார். மிச்ச நாட்களின் சம்பளம், எடுக்காத வருடாந்த லீவுக்கான காசு, சேவைக் கடிதம் என்று மூன்றையும் கேட்டு, பதில் தர ஒரு திகதியும் குறித்திருந்தார். பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டை ஒரு கொப்பியில் ஒட்டி வைக்கச் சொன்னார். திகதி தாண்டினால் அடுத்தது தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு. அதற்குக் கட்டணம் இல்லை, நியமனக் கடிதமும் சம்பளப் பட்டியலும் அடையாள அட்டைக் கொப்பியும் கையில் இருந்தால் நல்லது. வேலைநீக்கத்தையே எதிர்த்து தொழில் நியாய சபைக்கு (இப்படியான வழக்குகளைக் கேட்கிற இடம்) போவதென்றால் நிறுத்திய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போகவேண்டும் என்பதைச் சிவப்புப் பேனையால் என் கொப்பியிலேயே எழுதிவிட்டார். பேசித் தீர்ப்போம் என்று இழுத்தடித்தே அந்தக் காலத்தைத் தின்றுவிடுகிற முதலாளிமார் இருக்கிறார்கள்.

நான் காத்திருந்தபோது அம்பாறைப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் வேலை செய்த அண்ணன் ஒருவரும் வந்திருந்தார். அவருடைய சிக்கல் என்னுடையதைவிடக் கனம். ஆலைக்காரரே நோட்டீஸ் கொடுத்துவிட்டு, அந்த மாதம் முடியுமுன்னே நிறுத்திவிட்டார்கள். அந்த மாதம் முடிந்திருந்தால் அவருக்கு 5 வருடம் பூர்த்தியாகியிருக்கும். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி (பணிக்கொடை என்பது வேலை முடியும்போது முதலாளி மொத்தமாகக் கொடுக்கிற காசு) 15 பேருக்குக் குறையாத இடத்தில் 5 வருடம் முடித்த மாதச் சம்பளக்காரருக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம், வேலை முடிந்து 30 நாளைக்குள் கிடைக்கவேண்டும். சில கிழமைகளை வெட்டியதில் இரண்டரை மாதச் சம்பளம் போகப் பார்த்தது. இவருக்கு ஐயா கடிதம் எழுதவில்லை. "இது என்ர கையில முடியாது தம்பி, ஒரு லோயரப் பாருங்க" என்று காசும் வாங்காமல் அனுப்பிவிட்டார். அந்த இடத்தில்தான் எனக்கு ஆள் மேல் நம்பிக்கை வந்தது.

இனிக் குறை. எல்லாவற்றையும் இன்னும் பாமினி என்கிற, யுனிகோட் இல்லாத பழைய எழுத்துருவில்தான் டைப் பண்ணுகிறார், வேர்ட் ஃபைலாக வாங்கி வந்து போனில் திறந்தால் ஏதோ மந்திரம் மாதிரித் தெரியும், கட்டாயம் பிடிஎஃப் ஆகக் கேளுங்கள். கடை ஒரு ஆள் நிற்கிற அகலம், உங்கள் கதையை வரிசையில் நிற்கிற எல்லாரும் கேட்பார்கள், கேட்பது மட்டுமில்லை, ஆலோசனையும் சொல்வார்கள். மத்தியானம் சாப்பிடப் போனால் எப்போது திறப்பார் என்று யாருக்கும் தெரியாது. "மாட்சிமை தங்கிய" என்று தொடங்குகிற பழைய அலுவலகத் தமிழை என் கடிதத்தில் வெட்டச் சொல்லிக் கொஞ்சம் வாக்குவாதப்படவேண்டியிருந்தது, தளபாடக் கடை மனேஜருக்கு என்ன மாட்சிமை.

கடிதத்துக்கு 500 ரூபா, பிரிண்டும் இணைப்புகளும் தனி. வக்கீல் கடிதத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை, ஆனால் வக்கீல் கடிதத்துக்கு இருக்கிற பயமும் இதற்கு இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். என்னுடைய கடிதத்துக்கு ஷோரூம் பதில் போடவில்லை. முறைப்பாடு கொடுத்து, விசாரணைக்கு வரச்சொல்லி அவர்களுக்கு அறிவித்தல் போன பிறகுதான் அசைந்தார்கள். 30ஆம் திகதி வரையான சம்பளம் முழுவதும் வங்கிக்கு வந்துவிட்டது, சேவைக் கடிதமும் வந்தது. லீவுக் காசு இன்னும் இழுபறியில் இருக்கிறது, வேலைக்கு வந்த நாட்களுக்கே லீவு எடுத்ததாக ஒரு பட்டியல் காட்டுகிறார்கள். அதற்கான பதில் கடிதத்தையும் இங்கேதான் எழுதக் கொடுத்திருக்கிறேன், இந்த முறை பிடிஎஃப் ஆக.