கேரட்டுக்கு நாலு நட்சத்திரம், வெண்டைக்காய்க்கு ஒன்றுதான்

மதுரை தெப்பக்குளம் பக்கம் சின்னதாக ஒரு சைவ மெஸ் நடத்துகிறோம். மதியம் 120 சாப்பாடு போகும். காய் வாங்குவது எப்போதும் வீட்டுக்காரர் பொறுப்பு. விடியுமுன் டிவிஎஸ்ஸில் மாட்டுத்தாவணிக்குப் போவார், வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்ப்பார், மண்டிக்காரரோடு ஒரு டீ குடிப்பார், ஆறு மணிக்குள் மூட்டையோடு வந்துவிடுவார். சித்திரைத் திருவிழா முடிந்த வாரம் அவருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனது. அப்படித்தான் இந்தக் காய்கறி ஆப் எங்கள் மெஸ்ஸுக்குள் நுழைந்தது. குறையும் சொல்லப்போவதால் பெயரை விட்டுவிடுகிறேன். ஐந்து மாதம் தினமும் வாங்கிய அனுபவம் இது.

இரவு எட்டு மணிக்குள் ஆர்டர் போட்டால் காலை ஐந்தரைக்கு வண்டி வாசலில் நிற்கும். அதில் ஒருநாளும் பிசகியதில்லை. எடை சரியாக இருக்கும். மண்டியில் வாரக் கணக்கு நோட்டு உண்டு, இங்கே அன்றைக்கே ஜிபே. அது கொஞ்சம் இடித்தது, பழகிவிட்டது.

இவர்கள் பெருமையாகச் சொல்வது காய்ப் பெட்டியில் ஒட்டியிருக்கும் கியூஆர் ஸ்டிக்கரை. செல்போனைக் காட்டினால் எந்த ஊர்த் தோட்டம், எப்போது பறித்தது, வண்டிக்குள் என்ன சூடு எல்லாம் வரும். விற்க வந்த தம்பி பிளாக்செயின் என்று ஆரம்பித்தார். வால்மார்ட்காரர்கள் ஒரு பொட்டலம் மாம்பழத்துண்டு எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று தேட ஏழு நாள் ஆனதாம், இந்த முறையில் 2.2 வினாடியில் கண்டுபிடித்தார்களாம். அது உண்மைதான் என்று சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் அக்கா மகனும் சொன்னான். ஒரு பதிவோடு அடுத்த பதிவைப் பின்னிவிடுவதால் பிறகு யாராவது திருத்தினால் காட்டிக்கொடுத்துவிடும் என்று விளக்கினான். சரி, பின்னால் திருத்த முடியாது. முதலிலேயே தப்பாகப் போட்டால்?

ஆனி மாதம் ஒருநாள் பொழுதுபோகாமல் எல்லாப் பெட்டியையும் ஸ்கேன் பண்ணிப் பார்த்தேன். கத்திரிக்காய் ஒரு ஊர், அவரைக்காய் வேறு ஊர், முருங்கைக்காய் இன்னொரு ஊர். மூன்றும் பறித்த நேரம் மட்டும் மாலை 5.10. மூன்று ஊரிலும் ஒரே நிமிஷத்தில் கை வைத்தார்களா என்று வண்டி ஓட்டும் தம்பியிடம் கேட்டேன். "அது ஷெட்டுல ஸ்டிக்கர் ஒட்டுற நேரம்க்கா" என்று சிரித்துவிட்டார். அன்றிலிருந்து அந்த வரியை நான் படிப்பதே இல்லை.

சூட்டுக் கணக்கு வேறு கதை. அதை யாரும் கையால் எழுதுவதில்லை. வண்டிக்குள் இருக்கும் சென்சார் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை தானே பதிகிறது. ஆடியில் ஒருநாள் வந்த வாழைக்காய் எல்லாம் தோல் கருத்து, தீய்ந்தமாதிரி இருந்தது. போன் செய்தால் "காய் பழசு இல்லை மேடம், நேற்று வெட்டினது" என்றார்கள். நான் கிராஃபைத் திறந்தேன். ராத்திரி முழுக்க 6 டிகிரி. கொடைக்கானல் கேரட்டோடு சேர்த்து ஒரே வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள். கேரட்டுக்கு அந்தக் குளிர் சுகம். வாழைக்கு 13 டிகிரிக்குக் கீழே போனாலே ஆகாது, தோல் கருத்துவிடும். ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன், பத்து நிமிஷத்தில் பணம் திரும்பி வந்தது. மண்டியாக இருந்தால் மறுநாள் வரை வாக்குவாதம் நடந்திருக்கும். இந்த ஒரு விஷயத்துக்காக இவர்களை மெச்சுகிறேன். இப்போது வாழைக்காய்க்குத் தனிப் பெட்டி, தெர்மாகோல் வைத்து வருகிறது.

ஊட்டி, கொடைக்கானல் காய் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இங்கே வாங்கலாம். கேரட், பீன்ஸ், கோஸ் மூன்றும் மண்டிக் காயைவிட இரண்டு நாள் கூடுதலாக நிற்கின்றன, கழிவும் குறைவு. நாட்டுக்காய் வேண்டாம். வெண்டைக்காய் நாலில் ஒன்று முற்றல். கேமரா வைத்துத் தரம் பிரிக்கிறார்களாம். நீளமும் நிறமும் கேமராவுக்குத் தெரியும், நுனி ஒடிகிறதா வளைகிறதா என்பது எப்படித் தெரியும்? கத்திரிக்காயும் அப்படித்தான், மேலே பளபளப்பு, உள்ளே சொத்தை.

அதனால் நாட்டுக்காய்க்கும் கீரைக்கும் நான் அண்ணா நகர் உழவர் சந்தைக்கே போகிறேன். 1999ல் தமிழ்நாட்டிலேயே முதலில் திறந்த உழவர் சந்தை அது. விலை பலகையில் எழுதியிருக்கும், விற்கிற அம்மாவிடம் போட்டோ ஒட்டிய அடையாள அட்டை இருக்கும். எப்போ பறிச்சீங்க என்று கேட்டால், "ராத்திரி மழை, அதான் காலைல வெட்டினேன், ஈரம் பாரு" என்று கீரைக் கட்டை விரித்துக் காட்டுவார்.

இன்னொன்று, "நாளைக்கு உங்களுக்குத் தேவை" என்று ஆப் தானாகவே ஒரு பட்டியல் போடும். பழைய ஆர்டரைப் பார்த்து ஏஐ கணக்குப் போடுகிறதாம். சாதாரண நாளில் நம்பலாம், எனக்குக் கால்மணி நேரம் மிச்சம். ஆனால் அது கிழமையை மட்டும்தான் பார்க்கிறது, திதியைப் பார்ப்பதில்லை. ஆடி அமாவாசைக்கு மதுரையில் பாதிப்பேர் கவிச்சி தொடமாட்டார்கள், எங்களுக்கு 200 சாப்பாடு தாண்டும். ஆப் வழக்கம்போல 6 கிலோ வாழைக்காய், 5 கிலோ பூசணி என்று போட்டிருந்தது. நானும் தூக்கக் கலக்கத்தில் சரி என்று அமுக்கிவிட்டேன். பதினொரு மணிக்கு மருமகனை வண்டியில் விரட்டி, சில்லறைக் கடையில் கேட்ட விலையைக் கொடுத்து வாங்கி வந்தோம். கூட்டு இல்லாமலே கடைசிப் பந்தி போனது.

கஸ்டமர் கேரில் சொன்னேன். "ஆபீஸ் சுவரில் ஒரு தினசரி காலண்டர் மாட்டுங்க தம்பி, முகூர்த்தமும் அமாவாசையும் அதிலேயே இருக்கு." குறித்துக்கொண்டதாகச் சொன்னார்கள். போன வாரம் புரட்டாசி முதல் சனிக்கிழமை. முந்தின ராத்திரி பட்டியலைத் திறந்தேன். வாழைக்காய் 6 கிலோ. பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "15 போடு" என்றார்.