தண்டர்பேர்ட்: கடிதங்கள் பத்திரம், கடுப்பும் பத்திரம்

கணினியில் மெயில் படிக்க நான் வைத்திருக்கும் நிரலான தண்டர்பேர்டின் அந்த வரவேற்புத் திரையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. டிஸ்க் பழுதாகி, புது எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸையும் புதிதாக ஏற்றிக் கணினி திரும்பி வந்தது. வெளி டிஸ்க்கில் பேக்கப் இருந்ததால் பதற்றம் எதுவும் இல்லை. பழைய புரொஃபைல் ஃபோல்டரை (கடிதம், கணக்கு, அமைப்பு எல்லாம் இருப்பது அதில்தான்) அது இருக்க வேண்டிய இடத்திலேயே ஒட்டிவிட்டுத் திறந்தால், "உங்கள் பெயர்? மின்னஞ்சல் முகவரி?" என்று ஆரம்பிக்கிறது. பல வருஷம் குடியிருந்தவனை வாசலில் நிறுத்தி "யாருங்க நீங்க?" என்று கேட்பது போல. நான் சேர்த்து வைத்த கடிதம் அத்தனையும் அதன் மூக்குக்குக் கீழேதான் கிடக்கிறது.

நடந்தது இதுதான். பழுது பார்த்தவர் நல்ல மனசோடு தண்டர்பேர்டை நிறுவி, வேலை செய்கிறதா என்று ஒருமுறை திறந்தும் பார்த்திருக்கிறார். திறந்த அந்த நொடியே அது தனக்கென ஒரு காலி புரொஃபைலை உருவாக்கிக்கொள்ளும். தலைகால் புரியாத எட்டு எழுத்தும் எண்ணும் கலந்த பெயரோடு ஒரு ஃபோல்டர். எந்த புரொஃபைலைத் திறப்பது என்பதை 'புரொஃபைல்ஸ்' என்ற சின்ன ஐஎன்ஐ கோப்பு தீர்மானிக்கிறது; அதில் எழுதியிருப்பதைத் தவிர வேறு எதையும் நிரல் ஏறெடுத்துப் பார்க்காது. பக்கத்திலேயே பல ஜிபி எடையில் இன்னொன்று உட்கார்ந்திருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. "இங்கே இன்னொன்று இருக்கிறதே, அதைத் திறக்கட்டுமா?" என்று ஒரு வரி கேட்டால் என்ன குறைந்துபோகும்?

சரி, எப்படிச் சேர்ப்பது? உதவி மெனுவில் 'டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' என்று ஒன்று இருக்கும். அதற்குள் புரொஃபைல்களின் பட்டியலுக்குப் போக ஒரு இணைப்பு. அங்கே போனாலும் ஒட்டிய ஃபோல்டர் பட்டியலில் இருக்காது. இருக்கும் பொத்தான் "புதிய புரொஃபைல் உருவாக்கு". பழையதைத் திறக்க அதைத்தான் அழுத்த வேண்டும்! அழுத்தி, இடையில் வரும் "ஃபோல்டரைத் தேர்ந்தெடு" என்பதில் பழைய ஃபோல்டரைக் காட்டினால், புதிதாக எதையும் உருவாக்காமல் அதையே எடுத்துக்கொள்ளும். இதைத் தெரியாத ஒருவர் அந்தப் பொத்தானைத் தொடவே பயப்படுவார். இருக்கிறதும் அழிந்துவிடுமோ என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் திறந்த பிறகு வருகிறதே, அதற்கு ஈடு இல்லை. கணக்குகள், ஃபில்டர்கள், முகவரிப் புத்தகம், கையொப்பம், பாதியில் விட்ட வரைவு, நட்சத்திரம் போட்டு வைத்த கடிதம் எல்லாம் அப்படியே. கடவுச்சொல்கூடக் கேட்கவில்லை, அதுவும் அதைத் திறக்கும் சாவியும் அதே ஃபோல்டரில் இருக்கும் இரண்டு கோப்புகள்தான். (பழுதுக்குக் கொடுக்கும் முன் இதையும் யோசியுங்கள். முதன்மைக் கடவுச்சொல் வைக்காவிட்டால் அந்த ஃபோல்டரை நகலெடுக்கும் யாருக்கும் உங்கள் மெயில் திறந்த வீடுதான்.)

இன்பாக்ஸ் என்பது பின்னொட்டு எதுவும் இல்லாத ஒரே ஒரு கோப்பு. எம்பாக்ஸ் என்ற பழைய முறை. நோட்பேடில் திறந்தால், ஒரு கடிதம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் 'ஃப்ரம்' என்று ஒரு வரி. அதன் கீழே அனுப்பியவர், தேதி, பொருள். தமிழில் எழுதிய பொருள் வரி கேள்விக்குறியும் ஆங்கில எழுத்துமாகக் குழம்பிக் கிடக்கும்; தமிழ்க் கடிதமும் சில சமயம் இப்படிக் குழம்பும். கடிதத்தோடு வந்த இணைப்புக் கோப்புகள் பக்கம் பக்கமாகப் புரியாத எழுத்துக் குவியல். மற்றதில் பெரும்பாலானதைக் கண்ணால் படிக்கலாம். பக்கத்தில் எம்எஸ்எஃப் என்று முடிகிற கோப்பு வெறும் அட்டவணை. அது கெட்டுப்போனால், தண்டர்பேர்டை மூடிவிட்டு அதை அழித்துவிடலாம், திறந்ததும் தானே மறுபடி கட்டிக்கொள்ளும். நாளைக்கு இந்த நிரலே இல்லாமல் போனாலும் கடிதங்கள் படிக்கக் கிடைக்கும். இத்தனை வருஷம் நான் இதைவிட்டு நகராததற்கு வேறு காரணமே வேண்டாம்.

இவ்வளவு நல்ல பொருளை வைத்திருக்கும் இடம்தான் வம்பு. விண்டோஸில் அது ஆப்டேட்டா, அதற்குள் ரோமிங், அதற்குள் தண்டர்பேர்ட். ஆப்டேட்டா மறைக்கப்பட்ட ஃபோல்டர். "டேட்டா எல்லாம் எடுத்தாச்சு" என்று பழுது பார்ப்பவர் சொன்னால் பெரும்பாலும் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், படங்கள் மூன்றும்தான். தெரியாத ஃபோல்டரை அவர் எப்படி எடுப்பார்? கணினியைக் கையில் கொடுக்கும்போதே இந்தப் பாதையை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. புரொஃபைலை மட்டும் எடுக்காமல், ரோமிங்கில் உள்ள தண்டர்பேர்ட் ஃபோல்டரை முழுசாக எடுத்து, புது நிறுவலை யாரும் திறப்பதற்கு முன்னாலேயே ஒட்டிவிட்டால், நான் மேலே புலம்பிய கதை பெரும்பாலும் நடக்காது.

நிரலுக்குள்ளேயே ஏற்றுமதி வசதி இருக்கிறது. 2022-இல் வந்த 102-ஆம் பதிப்பிலிருந்து. புரொஃபைலை ஒரு ஜிப்பாகக் கட்டிக் கொடுக்கும், ஆனால் 2 ஜிபி வரைதான். பல வருஷ மெயில் வைத்திருப்பவருக்கு அது எந்த மூலைக்கு? அழித்த கடிதங்களே 'காம்பேக்ட்' (கோப்பைச் சுருக்கிச் சுத்தம் செய்வது) செய்யும்வரை கோப்பிலிருந்து போகாது. கையால் நகலெடுப்பதுதான் வழி.

இன்னொரு கண்ணி, பென்டிரைவில் கிடக்கும் பழைய பதிப்பை நிறுவிவிடுவது. புதிய பதிப்பில் பயன்படுத்திய புரொஃபைலைப் பழையது திறக்காது. புதிதாக ஒன்று உருவாக்கச் சொல்லும், இல்லாவிட்டால் வெளியேறச் சொல்லும். முதலில் பதிப்பைப் புதுப்பித்துவிட்டால் தீர்ந்தது.

ஐமேப் கணக்கு மட்டும் வைத்திருப்பவர்கள் இதுவரை படித்ததே அதிகம். உங்கள் மெயில் சர்வரிலேயே இருக்கிறது, கணக்கைச் சேர்த்தால் இறங்கிவிடும். 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்பதற்குள் நகர்த்தி வைத்தவை மட்டும் இறங்காது, அவை கணினியில்தான் இருந்தன. மெயிலைக் கணினிக்கே இறக்கி வைக்கும் பாப் கணக்குக்காரர்கள் 'பாப்ஸ்டேட்' என்ற சின்னக் கோப்பை விட்டுவிடாதீர்கள். எதையெல்லாம் ஏற்கெனவே இறக்கியாயிற்று என்பது அதில்தான் இருக்கிறது. அது இல்லாவிட்டால் சர்வரில் மிச்சமிருக்கும் அத்தனையும் மறுபடி இறங்கி, இன்பாக்ஸில் எல்லாம் இரட்டை இரட்டையாக நிற்கும்.

தேடல் வேகம், 2023-இல் 115-ஆம் பதிப்போடு வந்த புதுத் தோற்றம் பற்றியெல்லாம் எனக்குப் புகார் இல்லை. பழகிவிட்டது.

போன வாரம் நண்பர் ஒருவர் தண்டர்பேர்டுக்கு மாறலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கணினி கெட்டால் என்னைத்தான் கூப்பிடுவார், அந்தப் பொத்தானை அழுத்தச் சொல்லி நான் தொலைபேசியில் சத்தியம் செய்ய வேண்டியிருக்கும். பொறுமை இருப்பவர்கள் தாராளமாக மாறுங்கள்; உங்கள் கடிதங்களை உங்கள் கையிலேயே வைத்திருக்க இதைவிட நல்ல நிரலை நான் பயன்படுத்தியதில்லை. நானும் இதிலேயேதான் இருக்கப்போகிறேன். அந்தப் பொத்தானின் பெயரை மட்டும் யாராவது மாற்றட்டும், அப்புறம் நண்பரிடம் மறுபடி பேசிப் பார்க்கிறேன்.