எக்ஸ்-விங், டை ஃபைட்டர்: கேடயமும் துணிவும்

‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்பட உலகை வைத்து வந்த இரு விண்கலப் போர்க் கணினி விளையாட்டுகளில், 1993இல் வெளியான ‘எக்ஸ்-விங்’கில், லேசர், கேடயம், இயந்திரம் ஆகிய மூன்றுக்கும் ஆற்றலைப் பங்கிட்டுக்கொண்டே பறக்க வேண்டியிருப்பதால், எதிரியைத் துரத்தும் வேளையிலும் ஆட்டக்காரர் தம் கலத்தின் ஆற்றல் இருப்பைக் கணக்கிட்டாக வேண்டும். 1994இல் வந்த ‘டை ஃபைட்டர்’ அதே பங்கீட்டை வைத்துக்கொண்டாலும், தொடக்கத்தில் கிடைக்கும், பேரரசுப் படையின் ‘டை’ வகைப் போர்க்கலங்களுக்குக் கேடயமே இல்லை. அடியைத் தாங்க வழியின்றி, விலகிப் பறப்பதே அங்கு உயிர்காக்கும் கலையாகிறது, அதுவே என்னை மிகவும் ஈர்த்தது. குறிவைத்த கலத்தின் முப்பரிமாண உருவைத் திரையில் காட்டி, அதன் தனித்தனி உறுப்புகளைத் தாக்கவும் இது இடமளித்தது. மேலும், முதன்மை இலக்குக்கு அப்பால் துணை இலக்குகளும், பேரரசரின் அந்தரங்க வட்டம் தரும் மறைமுக ஆணைகளும் இதில் உண்டு. முடித்த பணியையே மறுபடி பறக்கத் தூண்டும் இந்த அடுக்குகளுக்காக இரண்டில் நான் ‘டை ஃபைட்டரையே’ தேர்வேன்.