லேசிக் செய்த கண்ணுக்குக் கண்புரை லென்ஸ் பவர்: ஏஎஸ்சிஆர்எஸ் கால்குலேட்டர் உதவுமா?

முன்பு லேசிக் என்ற லேசர் சிகிச்சை செய்து கண்ணாடியைக் கழற்றியவர்களுக்குக் கண்புரை வந்தால், ஆபரேஷனை விடப் பெரிய தலைவலி உள்ளே வைக்கும் லென்ஸுக்கு எந்தப் பவர் என்று முடிவு செய்வதுதான். ஏஎஸ்சிஆர்எஸ் என்ற அமெரிக்கக் கண்புரை அறுவை மருத்துவர் சங்கம் இதற்கென்றே இணையத்தில் இலவசமாக ஒரு கால்குலேட்டர் வைத்திருக்கிறது. டாக்டர்களுக்காகச் செய்தது. என் கண் அளவுகளின் பிரின்ட்டை வாங்கி வந்து அதில் போட்டுப் பார்த்தேன், அப்புறம் டாக்டருடன் உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். பயனுள்ளது, ஆனால் அது தரும் விடையை எப்படிப் படிப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

வழக்கமான கணக்கு நமக்கு ஏன் சரிவராது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கருவிழி வளைவை அளக்கும் கெரடோமீட்டர் கருவி அதன் நட்டநடுவை அளப்பதில்லை, சுமார் 3 மி.மீ. வட்டத்தில் முன்பக்க வளைவை மட்டும் பார்த்துவிட்டு, பின்பக்கம் இப்படித்தான் இருக்கும் என்று 1.3375 என்ற எண்ணை வைத்து ஊகித்துக்கொள்ளும். மைனஸ் பவருக்கு லேசர் செய்தபோது தட்டையானது முன்பக்கம் மட்டும்தான், அதனால் அந்த ஊகம் உடைந்துவிடுகிறது, கருவிழியின் பவர் உண்மையில் இருப்பதை விட அதிகமாகத் தெரிகிறது. போதாததற்கு, பழைய ஃபார்முலாக்கள் பல, லென்ஸ் கண்ணுக்குள் எவ்வளவு ஆழத்தில் போய் உட்காரும் என்பதையும் அதே வளைவை வைத்துத்தான் கணிக்கின்றன. இரண்டு பிழையும் ஒரே பக்கம் இழுக்கும். தேவையானதை விடக் குறைந்த பவரில் லென்ஸ் வைக்கப்பட்டு, ஆபரேஷன் முடிந்ததும் கண் பிளஸ் பவரில் நிற்கும், தூரமும் தெளியாது, பக்கமும் தெளியாது. பிளஸ் பவருக்கு லேசர் செய்தவர்களுக்கு இது தலைகீழாக நடக்கும்.

நான் முதலில் போன மருத்துவமனையில் லேசிக் செய்திருக்கிறீர்களா என்றுகூடக் கேட்கவில்லை. அந்தப் பழைய ஃபார்முலாக்களில் ஒன்றான எஸ்ஆர்கே/டி-யில் ஒரே ஒரு தாள், வலது கண்ணுக்கு 18.5 என்று ஒரே ஒரு எண். அதே அளவுகளை இந்தக் கால்குலேட்டரில் போட்டபோது மிகக் குறைந்த விடையே 19.5, அதிகபட்சம் 21. அந்த 18.5 எல்லாவற்றுக்கும் கீழே இருந்தது. வேறு டாக்டரிடம் மாறியதற்கு அதுவே காரணம்.

பயன்படுத்துவது எளிதுதான். மைனஸுக்குச் செய்த லேசரா, பிளஸுக்குச் செய்ததா, பழைய ஆர்கே முறையில் பிளேடால் கீறியதா என்று முதலில் தேர்வு செய்ய வேண்டும். பிறகு கண்ணின் நீளம், கருவிழி வளைவு, லென்ஸ் மாறிலிகள் (ஒவ்வொரு லென்ஸ் மாடலுக்கும் உரிய எண்கள்). லேசருக்கு முன்னும் பின்னும் இருந்த கண்ணாடிப் பவர் தெரிந்தால் அதற்கும் இடம் உண்டு. இங்கே கவனம் வேண்டும்: பின்னால் இருந்த பவர் என்றால் லேசருக்குப் பிறகு நிலைத்து நின்ற பவர், இப்போது இருப்பது இல்லை. கண்புரையே கண்ணை மைனஸ் பக்கம் தள்ளக்கூடியது, இப்போதைய பவரைப் போட்டால் கணக்கு கெட்டுப்போகும். பழைய ஃபைல் கிடைக்காதவர்கள் கவலைப்பட வேண்டாம், ஷம்மாஸ், ஹைகிஸ்-எல், பாரெட் ட்ரூ-கே என்ற மூன்று ஃபார்முலாக்களும் பழைய விவரம் இல்லாமலே விடை தரும்.

எனக்குப் பிடித்ததே, ஒரே எண்ணைத் தந்து அனுப்பிவிடாமல் எல்லா ஃபார்முலாக்களையும் வரிசையாகக் காட்டி, கீழே சராசரி, குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று போடுவது. லென்ஸில் 1 டயாப்டர் (பவரின் அலகு) வித்தியாசம் கண்ணாடியில் ஏறக்குறைய 0.7 ஆகத் தெரியும். அப்படியானால் என் வலது கண்ணில் இருந்த 1.5 இடைவெளி கண்ணாடிக் கணக்கில் 1 டயாப்டர், சாதாரண விஷயமில்லை. இடது கண்ணில் விடைகள் நெருங்கி வந்தன. எந்தக் கண்ணில் கணக்கை எவ்வளவு நம்பலாம் என்பது பார்த்தவுடனே தெரிந்துவிடுகிறது. சராசரியை அப்படியே எடுத்துக்கொள்வதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். என் டாக்டர் பாரெட் ட்ரூ-கேவுக்கு அதிக எடை கொடுத்தார், கருவிழியின் பின்பக்கத்தையும் அளக்கும் ஐஓஎல் மாஸ்டர் 700 என்ற கருவியின் அளவோடு ஒப்பிட்டார், கொஞ்சம் மைனஸில் நிற்கும்படி குறிவைத்தார். பிளஸில் மாட்டிக்கொள்வதை விட அது எவ்வளவோ மேல், பக்கத்தில் இருப்பதாவது தெரியும்.

குறை என்றால், எல்லா எண்களையும் கையால் அடிக்க வேண்டியிருந்தது. புள்ளி ஓர் இடம் தள்ளினால் போச்சு, ஒருவர் படிக்க இன்னொருவர் சரிபார்ப்பது நல்லது. உங்கள் கருவி ஊகத்துக்கு வைத்துக்கொள்ளும் ஒளிவிலகல் எண் 1.3375 தானா என்றும் பாருங்கள், வேறு எண் வைத்து அளக்கும் கருவிகளும் உண்டு. கண் வறட்சி இருந்தால் வளைவு அளவே ஆடும், முதலில் அதைச் சரிசெய்துவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். ஆர்கே செய்தவர்களுக்குக் காலையில் ஒரு பவர், மாலையில் ஒரு பவர் என்று மாறுவது உண்டு, அவர்கள் இந்த விடையை இன்னும் தளர்வாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இடைவெளி மிகப் பெரிதாக வந்தால், ஆபரேஷனுக்குப் பிறகு புறஊதா ஒளியால் பவரைத் திருத்தக்கூடிய லென்ஸ் இருக்கிறது, ஆர்எக்ஸ்சைட் நிறுவனத்துடையது, 2017இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி பெற்றது. திருத்தம் முடியும்வரை அவர்கள் தரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு அது தேவைப்படவில்லை. முதலில் வலது கண்ணை முடித்து, பவர் நிலைத்தபின் எந்த ஃபார்முலா நிஜத்துக்கு நெருக்கமாக வந்தது என்று பார்த்து, அதை வைத்தே இடது கண்ணின் லென்ஸைத் தேர்ந்தெடுத்தோம். இரண்டுக்கும் நடுவில் அவகாசம் கொடுக்கும் டாக்டர் கிடைத்தால் இந்தக் கால்குலேட்டரின் முழுப் பலனும் கிடைக்கும்.